கை போதும் என்பார்க்கு ஒரு மறுமொழி

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரையில் ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும், தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் பிரியும் சாலையிலும், ஸ்கேன் சென்டர்களின் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. கருவுற்ற பெண் பிரசவத்துக்குள் பல தடவை அந்த இருட்டறைப் படுக்கையில் படுத்தெழுந்து வருகிறாள். வயிற்றுவலி என்றாலும், மாதவிடாய் தவறினாலும், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் முதற்சீட்டு ஸ்கேனுக்குத்தான். இவ்வளவு தாராளமாகப் பயன்படும் இக்கருவி, ஸ்திரீகளின் ஒரு குறிப்பிட்ட துன்பத்தைப் பொறுத்தமட்டில் மாத்திரம் அநாவசியமான ஆடம்பரம் என்று கருதப்படுகிறது. "அடி இறங்கிடுச்சு" என்றும், "இருமினா, தும்மினா யூரின் போயிடுது" என்றும் ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, "இதைத் தெரிந்துகொள்ள ஸ்கேன் எதற்கு? கையால் பார்த்தால் போதுமே" என்பது மருத்துவ உலகில் நிலைபெற்ற அபிப்பிராயம். அதில் அநுபவத்தின் தொனி இருக்கிறது. செலவைக் குறைக்கும் நல்லெண்ணமும் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆயினும் அது பிழையான அபிப்பிராயம் என்பதும், அப்பிழையின் விலையைக் கொடுப்பவர்கள் பெண்களே என்பதும் என் கட்சி.

விஷயம் இன்னதென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்புறம் எலும்பால் மூடப்பட்டதன்று. முன்புறத்து எலும்பிலிருந்து புறப்பட்டு, மலக்குடலின் பின்னால் வளைந்து சென்று, மறுபக்கத்து எலும்பில் போய்ப் பற்றிக்கொள்ளும் தசை வார் ஒன்றும், அதனோடு இணைந்த தசைத் தகடுகளும் சேர்ந்தே மூத்திராசயம், கர்ப்பாசயம், மலாசயம் ஆகிய மூன்றையும் கீழிருந்து ஏந்தி நிற்கின்றன. நாம் நிற்கையிலும் நடக்கையிலும், நம் பிரக்ஞையில்லாமலே, சதா இறுகி நின்று இந்த ஊழியத்தைச் செய்யும் அத்தசைக்குப் பிரசவ வேளையில் நேரும் சோதனை சாமான்யமானதன்று. 2004இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் கணினி மாதிரி ஒன்றை அமைத்துக் கணக்கிட்டபோது, குழந்தையின் தலை வெளிப்படும் தருணத்தில் இத்தசையின் ஒரு பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீளவேண்டியிருப்பது தெரியவந்தது. பெரும்பாலோரிடத்தில் அது நீண்டு மீள்கிறது; சிலரிடத்தில் எலும்பைப் பற்றியிருக்கும் இடத்திலிருந்தே பெயர்ந்துவிடுகிறது. யோனிச் சுவர் அதை மூடியிருப்பதால் அந்தப் பெயர்வு பிரசவ அறையில் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. வெளியே தெரியும் கிழிசலுக்குத் தையல் போடப்படுகிறது; உள்ளே பெயர்ந்தது பெயர்ந்தபடியே நின்றுவிடுகிறது. வருஷங்கள் சென்று, மாதவிடாய் நிற்கும் பிராயத்தை ஒட்டி, தாங்குவாரின்றி அவயவங்கள் ஒவ்வொன்றாகச் சரியத் தொடங்கும்போதுதான் பழைய பிரசவத்தின் கணக்கு வெளிப்படுகிறது.

"பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்னும் சமாதானத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. செங்கற்பட்டுப் பகுதிக் கிராமங்களில் 1981 முதல் தலித் பெண்களோடு இயங்கிவரும் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைச் சேர்ந்த சுந்தரி ரவீந்திரனும் அவர் தோழியரும், அடி இறக்கத்தோடு வாழும் பெண்களை அணுகிக் கேட்டறிந்தவற்றை 1999இல் வெளியிட்டார்கள். பிரசவமான கொஞ்ச நாளிலேயே கடுமையான உடலுழைப்புக்குத் திரும்ப நேர்ந்த பெண்கள், வெளியே சொல்ல லஜ்ஜைப்பட்டு, வருஷக்கணக்கில் அந்த அவஸ்தையோடு காலந்தள்ளிய வரலாறு அது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள நமக்கு அது தூரதேசத்துக் கதையன்று. திரிசூலத்திலும் பம்மலிலும் கல்குவாரிகளில் ஜல்லி சுமந்தவர்களும், தண்ணீர் லாரி வந்து நின்றதும் பிளாஸ்டிக் குடங்களோடு ஓடி, நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து மாடியேறினவர்களும், சானடோரியத்து ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்டு முழுவதும் நின்றபடி வேலை செய்கிறவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். இவர்களுக்கு நேர்வது சகஜமானால் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அது நேர்ந்திருக்க வேண்டும். 2003இல் டிலான்சி என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் காந்தப் படம் எடுத்துப் பார்த்ததில், பிள்ளை பெறாத 80 பெண்களில் ஒருவரிடத்திலும் அத்தசையில் குறை தென்படவில்லை. ஒரு பிரசவம் கண்ட 160 பேரில் 32 பேரிடத்தில் தென்பட்டது. ஆகவே இது தாய்மையின் இயல்பன்று. சிலருக்கு நேர்ந்த காயம். காயமென்றால், அது எங்கே, எவ்வளவு என்று பார்ப்பதே வைத்தியத்தின் முதற்கடமை.

இனி மருத்துவர்களின் வாதத்துக்கு வருவோம். அவர்களுடைய வாதம் அலட்சியத்தில் பிறந்ததன்று. ஆதலால் கௌரவமான மறுமொழிக்கு உரியது. யோனிச் சுவர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து குறிக்கும் முறையொன்று 1996இல் சர்வதேச அங்கீகாரம் பெற்று இன்றும் வழக்கில் இருக்கிறது. தேர்ந்த விரல்கள் தசையின் வலிமையைத் தொட்டறிந்து மதிப்பிடவும், அது எலும்பிலிருந்து பெயர்ந்திருப்பதைக்கூடக் கண்டுபிடிக்கவும் வல்லவை என்பதும் உண்மை. 1943இலேயே கெய்னி என்னும் அமெரிக்க மருத்துவர் பிரசவமான பெண்களைக் கையால் சோதித்தே இத்தகைய சிதைவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். நானும் கையை இகழவில்லை. நான் கேட்பதெல்லாம், அந்தக் கை எங்கே இருக்கிறது என்பதுதான். மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்து 1989இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், 92 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு பெண்மை நோய் இருந்தது. அதற்கு முன் மகப்பேற்று மருத்துவரின் சோதனைக்கு உட்பட்டவர்களோ 8 சதவீதத்தினரே. அது பழைய கணக்கு, வேறு மாநிலத்துக் கணக்கு என்று ஒருவர் தள்ளலாம். தமிழ்நாட்டில் பிரசவங்கள் அநேகமாக முழுதும் ஆஸ்பத்திரிகளில் நிகழ்வதும் மெய்யே. ஆனால் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குச் சென்றவளை, பிரசவம் முடிந்தபின் அவளுடைய சொந்தச் சரீரத்துக்காக எவரேனும் நிதானமாகச் சோதித்தார்களா என்று நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். வெளிநோயாளிப் பிரிவின் நெருக்கடியில், திரைச்சீலைக்குப் பின்னால், அடுத்த பெயர் கூப்பிடப்படும் சத்தத்துக்கிடையில் நடக்கும் சோதனையைத் தேர்ந்த கையின் சோதனை என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

கை கிடைத்தாலும் அதற்குச் சில எல்லைகள் உண்டு. இவ்விடத்தில் கொஞ்சம் தங்கிப் பேச விரும்புகிறேன். சோதனையில் "முக்குங்கள்" என்று மருத்துவர் சொல்கிறார். மூத்திரம் சிந்திவிடுமோ, காற்றுப் பிரியுமோ என்னும் கூச்சத்தில், அந்தப் பெண் முக்குவதற்குப் பதிலாகத் தன்னையறியாமல் தசையை இறுக்கிக்கொள்கிறாள். இறங்க வேண்டியது இறங்காமல் உள்ளேயே நிற்கிறது. "பெரிதாக ஒன்றுமில்லை" என்று முடிவாகிறது. ஸ்கேன் திரையில் அந்த இறுக்கம் அப்பட்டமாகத் தெரியும். அவளுக்கும் காட்டி, தளர்த்தி முக்கச் சொல்லித் திரும்பப் பார்க்கலாம். அடுத்தது, கண் காண்பது யோனிச் சுவரின் புடைப்பை மட்டுமே. அச்சுவருக்குப் பின்னாலிருந்து அதைத் தள்ளுவது எது என்பதைக் கண் காண்பதில்லை. பின்புறச் சுவர் புடைத்திருந்தால் அது மலக்குடலின் பையாக இருக்கலாம். மேலிருந்து இறங்கிய சிறுகுடலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றன்று. "கர்ப்பப்பை இறங்கிடுச்சு" என்று சொல்லிவரும் பெண்ணிடத்தில் உண்மையில் இறங்கியிருப்பது மூத்திராசயமாக இருப்பதும் உண்டு. பிரசவத்தில் மலத்துவார வளையத் தசைக்கு நேரும் காயமோ இன்னும் மறைவானது. 1993இல் லண்டனில் சுல்தான் என்னும் மருத்துவரும் அவர் சகாக்களும் முதற்பிரசவமான 79 பெண்களை மலத்துவாரத்தின் வழியே அல்ட்ராசவுண்டு செய்து பார்த்ததில் 28 பேரிடத்தில் அவ்வளையம் அறுந்திருந்தது. பிரசவத்துக்கு முன் அவர்களில் ஒருவரிடத்திலும் அக்குறை இருந்ததில்லை. பிரசவ அறையில் கையும் கண்ணும் கண்டுபிடித்திருந்தவை மிகச் சிலவே.

"நாங்கள்தான் ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறோமே" என்று சிலர் குறுக்கிடக் கூடும். எழுதிக் கொடுக்கிறார்கள், தவறான ஸ்கேனை. தண்ணீரை நிறையக் குடித்து, மூத்திரப்பை நிரம்பித் தவிக்கும் நிலையில் மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணின் அடிவயிற்றின்மேல் கருவியை ஓட்டி, கர்ப்பாசயத்தின் அளவும் சினைப்பைகளின் அளவும் குறித்து, "எல்லாம் நார்மல்" என்று அச்சிட்டுக் கொடுக்கும் ஸ்கேன் அது. கட்டியோ நீர்க்கட்டியோ உண்டா என்னும் வினாவுக்கு அது தக்க விடைதான். அவயவங்களை ஏந்தும் தசைத் தளம் தாங்குகிறதா என்னும் வினாவை அது கேட்கவேயில்லை. நிரம்பிய மூத்திரப்பையும் அசையாத உடலும் இறக்கத்தை மறைத்துவிடும் நிலைமைகளே. ஆனால் அந்த ஒற்றைத்தாள் வீட்டுக்குப் போனதும் சாட்சிப் பத்திரமாகிவிடுகிறது. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கே, அத்தை" என்று மருமகள் சொல்ல, மாமியாரின் உபாதை மனப்பிரமையாகிவிடும் வீடுகள் நம்மிடையே உண்டு.

நான் வேண்டும் ஸ்கேன் வேறு. மூத்திரம் போய்விட்டு வந்து, முழங்கால்களை மடக்கிப் படுத்த பெண்ணின் தொடைகளுக்கிடையே, கையுறையால் மூடிய அதே வளைமுகக் கருவியை வெளிப்புறமாக வைத்தால் போதும். உள்ளே எதையும் செலுத்துவதில்லை. ஒரே பார்வையில் முன்னே இடுப்பெலும்பின் இணைப்பு, அடுத்து மூத்திரக் குழாய், மூத்திராசயம், யோனி, கர்ப்பாசயத்தின் வாய், மலக்குடல், அதன் பின்னே தசைத் தகடு ஆகிய அனைத்தும் வரிசையாக நிற்கும். சும்மா இருக்கும்போது ஒரு தடவை, இறுக்கும்போது ஒரு தடவை, ஆறு விநாடிக்குக் குறையாமல் முக்கும்போது ஒரு தடவை என்று பார்த்தால், எலும்பின் கீழ்விளிம்பை எல்லைக்கோடாகக் கொண்டு எந்த அவயவம் எவ்வளவு இறங்குகிறது என்பதை மில்லிமீட்டரில் அளந்துவிடலாம். மூத்திராசயம் 10 மில்லிமீட்டரும், மலக்குடல் 15 மில்லிமீட்டரும் அக்கோட்டுக்குக் கீழே இறங்கினால் அது பொருட்படுத்த வேண்டிய இறக்கம். மூத்திரம் போனபிறகும் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதும், முன்பு ஆபரேஷனில் வைத்த செயற்கை வலை எங்கே இருக்கிறது என்பதும் அதே சமயத்தில் தெரியும். தசை எலும்பிலிருந்து பெயர்ந்திருக்கிறதா, முக்கும்போது அத்தசை வாருக்கு நடுவேயுள்ள வாய் 25 சதுர சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துவிடுகிறதா என்பவற்றை முப்பரிமாணக் கருவி தெளிவாகக் காட்டும். கருவிலிருக்கும் சிசுவின் முகத்தைக் காட்டுவதற்கென்று நம் ஊர் சென்டர்கள் பல அக்கருவியை ஏற்கெனவே வாங்கிவைத்து விளம்பரமும் செய்கின்றன. இம்முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவரான ஆஸ்திரேலியாவின் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ், 2005இல் வெளியிட்ட ஆய்வில், சுகப்பிரசவமான 39 பெண்களில் 14 பேரிடத்தில் தசை பெயர்ந்திருந்ததை இப்படித்தான் கண்டார். அமெரிக்க அல்ட்ராசவுண்டுச் சங்கமும் சர்வதேச மூத்திர-மகப்பேற்று மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2019இல் இச்சோதனைக்கென்று நடைமுறை விதிகளையே வகுத்து வெளியிட்டிருக்கின்றன. இதைப் பரீட்சார்த்தமான புதுமை என்று ஒதுக்குவதற்கு இனி இடமில்லை.

தாம்பரத்தில் இருந்துகொண்டு, கை போதும் என்னும் வாதத்தைக் கேட்கும்போது எனக்கு ஓர் ஆச்சரியம் தோன்றுவதுண்டு. சௌரி முத்து என்னும் மருத்துவர் 1928இல் இங்கே க்ஷயரோக ஆரோக்கியசாலையைத் தொடங்கினார். 1937இல் அதைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. சானடோரியம் என்பதே ரெயில்வே ஸ்டேஷனுக்கும் பெயராயிற்று. மார்பில் குழல் வைத்துக் கேட்கும் கலையில் எத்தனை வல்லவராயினும், "காது இருக்க எக்ஸ்ரே எதற்கு?" என்று கேட்கும் நெஞ்சக மருத்துவர் இன்று எவரும் இலர். எக்ஸ்ரே வந்ததால் காது கைவிடப்படவுமில்லை. அனுமானத்துக்குப் பிரத்தியட்சம் துணை வந்தது, அவ்வளவுதான். ஆணும் பெண்ணும் இருவரும் படும் நோய்க்குக் கிடைத்த இந்த நியாயம், பெண் மட்டுமே படும் நோய்க்கு ஏன் மறுக்கப்படுகிறது என்பதை யோசிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பில் உள்ள மிகப் பலமான ஆயுதத்தை நானே எடுத்துக் காட்டிவிடுகிறேன். பிரிட்டனின் 'நைஸ்' என்னும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறையில், மூத்திரக் கசிவுள்ள பெண்களுக்கு, தங்கிய மூத்திரத்தை அளப்பதற்கன்றி வேறெதற்கும் அல்ட்ராசவுண்டு செய்ய வேண்டாமென்றும், சோதனையில் தென்பட்டுவிட்ட இறக்கத்தை ஆவணப்படுத்துவதற்கென்று வழக்கமாகப் படமெடுக்க வேண்டாமென்றும் கூறுகிறது. இதைக் காட்டி, "பணக்கார தேசமே வேண்டாமென்கிறது" என்பார்கள். ஆனால் அந்நெறிமுறை எந்த வீட்டுக்கு எழுதப்பட்ட சட்டம் என்று பாருங்கள். கசிவுள்ள பெண்ணின் தசைச் சுருக்கத்தை முதலில் கையால் சோதித்து உறுதிசெய்துகொண்டு, பயிற்சியாளரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் தசைப் பயிற்சி அளிக்கவேண்டும் என்று அதே நெறிமுறை விதிக்கிறது. அந்த ஏற்பாடுகளையெல்லாம் விட்டுவிட்டு, "ஸ்கேன் வேண்டாம்" என்னும் ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே இறக்குமதி செய்வது எவ்விதத்தில் நேர்மை? எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாகச் செய்யவேண்டாம் என்பது வேறு. கத்தியை எடுப்பதற்கு முன்னும், ஒரு தடவை செய்த ஆபரேஷன் தோற்றபின்பும், சொல்லும் குறைக்கும் காணும் குறைக்கும் பொருத்தமில்லாதபோதும் செய்யவேண்டாம் என்பது வேறு. முன்னதை நானும் ஒப்புகிறேன். பின்னதை, இறக்கத்தைப் பற்றிய அந்த விதி சொல்லவில்லை.

கத்தியைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். கர்ப்பாசயம் இறங்கினால் அதை எடுத்துவிடுவது என்பது நம் ஊரில் கேள்விக்கே இடமில்லாத சிகிச்சையாகிவிட்டது. "அதான் பிள்ளைங்க பொறந்தாச்சே, அது இனிமே எதுக்கு?" என்பதே பல வீடுகளில் அதற்குச் சொல்லப்படும் நியாயம். இறங்கியது கர்ப்பாசயம், இறங்கவிட்டது தளம். தசை பெயர்ந்து, வாய் விரிந்திருக்கும் சரீரத்தில் கர்ப்பாசயத்தை எடுத்தபின் யோனியின் உச்சியே இறங்கிவரலாம். தசை பெயர்ந்த பெண்களிடத்தில் ஆபரேஷனுக்குப் பின் இறக்கம் மறுபடி தோன்றும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதை முன்கூட்டி அறிந்தால், எந்த ஆபரேஷன், அதன் பலன் எவ்வளவு நாள் நிற்கும், அதன்றி யோனிக்குள் தாங்குவளையம் பொருத்திக் காலந்தள்ளலாமா என்பதை அந்தப் பெண்ணோடு கலந்து பேசலாம். கர்ப்பாசயத்தை எடுக்காமலே தூக்கிக் கட்டும் ஆபரேஷன்களில் பம்பாயின் ஷிரோத்கரும் புரந்தரேயும் பெயர் பெற்றவர்கள். நம் தேசத்து வைத்தியத்துக்கு இந்த விவேகம் அந்நியமன்று. தேவையற்ற கர்ப்பாசய நீக்கங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட நேர்ந்தது என்பதிலிருந்தே, கை போதும் என்னும் நம்பிக்கை எங்கெங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பதை ஊகிக்கலாம்.

பயிற்சியின் விஷயமும் இப்படியே. 1948இல் கீகல் என்னும் அமெரிக்க மருத்துவர் பிரசித்தப்படுத்திய தசைப் பயிற்சியை, "மூத்திரத்தை அடக்குவதுபோல் இறுக்கி விடுங்கம்மா" என்று ஒரு வாக்கியத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். 1991இல் பம்ப் என்பவரும் குழுவினரும் இப்படி வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்து 47 பெண்களைச் சோதித்ததில், சரியாகச் செய்தவர்கள் 23 பேர். 12 பேர் கசிவை அதிகப்படுத்தக்கூடிய விதத்தில் செய்தார்கள். அதாவது இறுக்குவதாக நினைத்துக் கீழே தள்ளினார்கள். திரையைத் திருப்பி வைத்து, இறுக்கும்போது தசை மேலெழுவதை அவளே பார்க்கச் செய்தால் இப்பிழை அங்கேயே திருந்தும். தன் சரீரத்தின் ஒரு பாகத்தை வாழ்நாளில் முதன்முறையாகக் காணும் அவளுக்கு அந்தக் காட்சியே பாதிச் சிகிச்சை என்பேன். மருத்துவர்கள் இதை மிகையென்று சிரிக்கலாம்.

படம் சஞ்சீவியன்று என்பதையும் சொல்லவேண்டும். பெயர்ந்த தசையை மறுபடி எலும்போடு சேர்த்துத் தைக்கும் முறை எதுவும் இன்னும் ஐயமற நிலைபெறவில்லை. பெயர்வு இருந்தும் எந்த உபாதையும் இல்லாத பெண்கள் பலர். அவர்களிடம் படத்தைக் காட்டிப் பயமுறுத்தி ஆபரேஷனுக்கு இழுப்பது பாதகம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் காசாக்க முனைவோர் நாளையே தோன்றலாம்; அவர்களுக்கும் இதே கண்டனம் உரியது. செய்வதற்கு ஆள் இல்லையே என்னும் ஆட்சேபமும் பாதி நியாயமானது. பெண்கருக்கொலையைத் தடுக்க 1994இல் வந்த சட்டம் கருவியைப் பதிவுசெய்த இடத்தோடு கட்டி, இயக்குவோரின் தகுதியையும் வரையறுத்திருக்கிறது. பெண்சிசுக்கொலைக்குப் பேர்போன உசிலம்பட்டியையும் சேலத்தையும் மறவாத மாநிலத்தில் அக்கட்டுக்காவலைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே வெளிநாட்டில்போல் பிசியோதெரபிஸ்டுகளே கருவியைக் கையாளும் வழி இங்கே எளிதன்று. பதிவுபெற்ற அறையில், தகுதியுள்ள பெண் மருத்துவரே இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. அவர்களுக்குப் பயிற்சி அளிப்பது நம் மாவட்டத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு இயலாத காரியமுமன்று.

செங்கற்பட்டு ஆஸ்பத்திரியிலோ, குரோம்பேட்டையிலோ, சந்துமுனைக் கிளினிக்கிலோ, இறக்கமென்றும் கசிவென்றும் வரும் பெண்ணுக்கு இன்று எழுதப்படும் சீட்டில் "அடிவயிற்று ஸ்கேன்" என்று மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே, "மூத்திரம் போனபின், கீழ்ப்புறத்திலிருந்து, இறுக்கியும் முக்கியும் பார்க்கவும், எது இறங்குகிறது, எவ்வளவு, தசை பற்றியிருக்கிறதா என்று எழுதவும்" என்று இன்னொரு வரி சேர்க்கவேண்டும். அதனால் கூடுதலாக ஆகும் பொருட்செலவு ஒரு கையுறையும் சிறிது ஜெல்லும்.